தாத்தா வேட்டியா, பாக்கெட் டயபரா?

கேள்வி: முதல் குழந்தை பிறந்திருக்கிறது. கையில் காசு குறைவு. துணி டயபர் எதை, எத்தனை வாங்குவது?

பதில்: முதலில் கடைக்குப் போகாதீர்கள், பீரோவைத் திறங்கள். தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி இருக்குமே! பலமுறை வெளுத்து நைந்த துணி பச்சைக் குழந்தைக்கு உறுத்தாது, ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்துக் கட்டுங்கள். 20 துண்டாவது வேண்டும். நனைப்பதில் உங்கள் வாரிசு கஞ்சத்தனம் காட்டமாட்டார். மழைக்காலம் என்றால் இன்னும் 10.

வெளியே போகும்போது மட்டும் பாக்கெட் டயபர். பட்டன் வைத்து அளவு மாற்றக்கூடியதாக 4 போதும், வளர வளரப் பொருந்தும். துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள். உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். நல்ல வெயிலில் காயவையுங்கள். நனைந்ததும் மாற்றிவிடுங்கள். அந்த வேலையில் அப்பாவுக்கும் சரிபாதி கொடுங்கள்.