காற்றின் மேல் ஒரு முதல் தகவல் அறிக்கை

பத்தாம் வகுப்பு தாண்டிய எவருக்கும் தற்குறிப்பேற்ற அணி தெரியும். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. எடுத்துக்காட்டு, மதுரைக் கோட்டைக் கொடிகள். காற்றில் ஆடியவை வெறும் கொடிகள்தான். கோவலனை ‘வராதே’ என்று கைகாட்டி மறித்ததாகச் சொன்னவர் இளங்கோவடிகள். இலக்கணம், பாடல், அணிப்பொருத்தம் என்று மூன்று பத்தி எழுதினால் முழு மதிப்பெண். மறித்தும் உள்ளே போனவனை விசாரிக்காமல் கொன்றது யார் என்று அணிப்பகுதியில் எவரும் கேட்பதில்லை. கேட்டால் அது அரசியல் ஆகிவிடும். தமிழ்த் தேர்வில் அரசியல் கூடாது.

அரசியலில் தமிழ்த் தேர்வுக்குத் தடை ஏதும் இல்லை போலும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த இளம்பெண் மேல் ஒரு கல்யாணப் பேனர் சரிந்தது. நிலைகுலைந்து விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பேனர் அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்தது. அதே கட்சியின் மூத்தவர், முன்னாள் அமைச்சர் ஒருவர், வழக்குப் போடுவதென்றால் காற்றின் மேல்தான் போட வேண்டும் என்று பேசினார். இளங்கோ கொடிக்குக் கை முளைக்க வைத்ததோடு நின்றார். இவர் காற்றைக் குற்றவாளிக் கூண்டிலேயே ஏற்றினார். பொருளணி 35 என்று எண்ணி முடித்துவிட்ட தண்டியலங்கார ஆசிரியர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

காவல்துறையும் இந்த அணியில் சளைத்ததில்லை. நம் ஊர்க் கழிவறைத் தரைகளுக்கு நியாய உணர்ச்சி அதிகம். ஆய்வாளர் போனால் வழுக்காது, ஏட்டையா போனால் வழுக்காது, பிடித்துவரப்பட்டவன் போனால் மட்டும் வழுக்கும். அதுவும் கை உடைகிற மாதிரி. மறுநாள் மாவுக்கட்டோடு படம் வரும். நாம் அதைப் பகிர்ந்து சிரிப்போம். ‘நல்லா வழுக்கட்டும்’ என்று கீழே எழுதுவோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையைக் குறித்த நேரத்தில் மூடவில்லை என்று பிடித்துப்போன தந்தையும் மகனும் தரையில் உருண்டு புரண்டதில் காயம் பட்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை எழுதினார்கள். அடுத்தடுத்து இருவரும் செத்துப்போனார்கள். அன்று கொதித்தோம். இன்று மறுபடி மாவுக்கட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். அணி நயம் பாராட்டத் தெரிந்த சமூகம் அல்லவா!

அடுத்த பாடம் தகுதி வழக்கு: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மங்கலத்துக்கு நம் உரைநூல்கள் இன்னும் சுடுகாட்டை நன்காடு என்பதையே கட்டிக்கொண்டு அழுகின்றன. வெளியே புது மங்கலங்கள் முளைத்துவிட்டன. கட்டண உயர்வைக் ‘கட்டணத் திருத்தம்’ என்கிறார்கள். சாராயம் ஊற்றிக் கொடுக்கும் கிளப்புக்கு ‘மனமகிழ் மன்றம்’ என்று பெயர். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தை 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆக்கினார்கள், பலகை மாறியது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களை ஊருக்கு வெளியே குடிவைத்த இடத்துக்கு எந்தப் புண்ணியவானோ கண்ணகி நகர் என்று பெயர் சூட்டினான். நகரத்தையே எரித்தவள் பெயரை, நகரத்தால் துரத்தப்பட்டவர்களுக்கு! முரண் என்றால் என்ன என்று கேட்கும் மாணவனைப் பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் ஏற்றிவிட்டால் போதும்.

இடக்கரடக்கலுக்கு வருவோம். அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. ‘கால் கழுவி வந்தான்’ என்று தலைமுறை தலைமுறையாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அவன் கால் கழுவிவிட்டு வந்தான், சரி. அதன்பின் குழிக்குள் இறங்கியவன் யார்? 2020 டிசம்பர் வரையிலான ஐந்தாண்டுகளில் சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்கையில் 340 பேர் இறந்ததாக ஒன்றிய அரசு மக்களவையில் சொன்னது. அடுத்து 2021 ஜூலையில் அதே அரசு மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளியதால் இறந்தவர் எவரும் இல்லை என்றது. இரண்டும் பொய் இல்லையாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மலம் அள்ளுவது ஒரு வகை, மலக்குழிக்குள் இறங்குவது ‘அபாயகரமான சுத்தப்படுத்தல்’ என்று இன்னொரு வகை. செத்தவன் வகை மாறிச் செத்துவிட்டான். அந்த மாதம் அந்த அவைக்கு நல்ல விளைச்சல். கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் செத்தவர்கள் என்று மாநிலங்கள் குறிப்பாக யாரையும் தெரிவிக்கவில்லை என்ற பதிலும் அங்கேதான் வந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஆக்சிஜன் சிலிண்டருக்காகத் தெருத்தெருவாக ஓடியவர்கள் உடற்பயிற்சி செய்தார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புலவர்கள் மறைத்தது மலத்தை. இவர்கள் மறைப்பது பிணத்தை. இதற்குக் கூசாத அவை, எதற்குத்தான் கூசும்?

வினாத்தாள் எடுக்கும் தமிழாசிரியர்களே, ‘கால் கழுவி வந்தான்’ இனி போதும். மலம் அள்ளி இறந்தவர் எவரும் இல்லை என்ற அந்த 2021 ஜூலை மாதப் பதிலை அப்படியே கொடுத்து, இதில் பயின்று வந்துள்ள வழக்கைச் சுட்டி, மறைக்கப்பட்டவர் எத்தனை பேர் எனக் கணக்கிடுக என்று கேளுங்கள். பிள்ளைகள் சரியாக எழுதுவார்கள். திருத்துகிற கைக்குத்தான் தைரியம் வேண்டும்.