டவர் மாமா

டவர் மாமா தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் காணப்படுகிறார். தெருவுக்கு ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் பிளாக்குக்கு ஒருவர். வயது ஐம்பதிலிருந்து எழுபதுக்குள். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அக்கம்பக்கத்தார் நம்புவார்கள். விசாரித்தால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்திருப்பார். நெட் வரவில்லை என்று யாராவது சற்றே உரக்கச் சொன்னால் போதும், கூப்பிடாமலே வந்து சேருவார். டவர் மாமிகளும் உண்டு. ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவதால் அவர்களைத் தனி இனமாக யாரும் கவனிப்பதில்லை.

இவர் அதிகம் தென்படும் இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓரம். சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கிறது என்று அளந்து வைத்திருக்கிறார். போன் திரையில் தெரியும் கோடுகளை அவர் மதிப்பதே இல்லை. இதில் நியாயம் அவர் பக்கம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று எல்லா கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. 2010-இல் ஐபோன் 4 வெளிவந்தபோது, கோடு போடும் தங்கள் கணக்கே தப்பு, பல நேரங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டியிருக்கிறோம் என்று ஆப்பிளே அறிக்கை விட்டது. ஆகவே அவர் டிபிஎம் என்ற அளவைத்தான் பார்ப்பார். அந்த எண் மைனஸில்தான் வரும். மைனஸ் 80 என்றால் முகம் மலரும். மைனஸ் 115 என்றால் யாரோ தவறிவிட்ட செய்தி வந்ததுபோல் தலையாட்டுவார். பத்து குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதையும் விளக்குவார். எதிரே நிற்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது, நேற்று விட்டுப்போன சீரியலை இன்று பார்க்க முடியுமா என்பது மட்டும்.

ஆலோசனை பெரும்பாலும் இந்த முறையில் நடக்கும்:

"மாமா, நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு மாமா."

"எந்த பேண்ட்ல நிக்குது?"

"அதெல்லாம் தெரியாது. ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்துட்டேன்."

"அது எல்லாரும் பண்றதுதாம்மா. பெட்டி எங்கே?"

போன் வந்த அட்டைப்பெட்டியைத்தான் கேட்கிறார். அந்தப் பெட்டியில் இப்போது ஊக்கும் பட்டனும் இருக்கும். அலைவரிசை விவரம் அச்சடித்த தாள் எப்போதோ பழைய பேப்பரோடு போயிருக்கும். இதைக் கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அதன்பின் பாடம் தொடங்கும்.

பாடத்தின் சாரம் உண்மையானது, பயனுள்ளதும்கூட. 4ஜி, 5ஜி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கம்பெனி எந்த அலைவரிசையில் அனுப்புகிறதோ அதைக் கேட்கும் காது போனில் இருக்க வேண்டும். ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ். அவர் மொழியில் இவை பேண்ட் 5, 3, 40. குறைந்த எண் மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும். கூடிய எண் நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் இரண்டு சுவருக்குள் களைத்துவிடும். கல்யாண வீட்டுத் தவில் நாலு தெரு தாண்டிக் கேட்கும், புல்லாங்குழல் பந்தலோடு நின்றுவிடும் என்பது அவர் தரும் உதாரணம். 700 மெகாஹெர்ட்ஸ் தவில். 5ஜிக்கான 3500-ஐ ஒட்டிய வரிசை புல்லாங்குழல். சமையலறையில் 5ஜி ஏன் காணாமல் போகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம். அவரோ இதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

இவருடைய பொற்காலம் 2016 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. அன்று வந்த ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேச்சையும் டேட்டாவாகத்தான் அனுப்பும். அதற்கான வோல்ட்இ வசதி இல்லாத 4ஜி போன்களில் நெட் பாய்ந்தது, சாதாரண அழைப்பு மட்டும் போகவில்லை. அதற்கென்று தனி ஆப் போட வேண்டும். தெருவில் பாதிப் பேருக்கு அதைப் போட்டுக்கொடுத்தவர் டவர் மாமாதான். 2018 பிப்ரவரியில், தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் படுத்தபோது அவர் உச்சத்தில் இருந்தார். வேறு கம்பெனிக்கு மாற 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும்; எஸ்எம்எஸ் போக ஏர்செல் சிக்னல் வேண்டும்; சிக்னல் இல்லாததால்தான் மாறவே வேண்டியிருந்தது. மினுக்மினுக்கென்று எங்கேயாவது ஒரு கோடு தெரியுமா என்று தேடி, கையில் போனோடு மாடி மாடியாகப் பலரை அழைத்துச் சென்றார்.

5ஜி அவருக்கு இரண்டாம் வசந்தம். 2022 அக்டோபர் 1-இல் டெல்லியில் தொடக்கவிழா நடந்தது. ஏர்டெல் முதலில் கொடுத்த எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக 5ஜி போன் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள் திரையைப் பார்த்தார்கள்: 4ஜி. பல போன்களுக்குச் சாப்ட்வேர் அப்டேட் வந்தாக வேண்டும். ஐபோன்காரர்கள் டிசம்பர் வரை காத்திருந்தார்கள். போதாக்குறைக்கு ஏர்டெல் 5ஜி அப்போது 4ஜியின் தோளில் சாய்ந்து ஓடியது, ஜியோ 5ஜி தனிக்காலில் நின்றது. இரண்டையும் எல்லாப் போன்களும் முதல் நாளே ஏற்கவில்லை. டவர் மாமா "நான் அப்பவே சொன்னேன்" என்றார். சொன்னது உண்மைதான், யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. 2024 ஜூலையில் தனியார் கட்டணம் ஏறியதும் பலர் பிஎஸ்என்எல்லுக்குத் தாவினார்கள். அதன் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் முக்கியம். பழைய 4ஜி போன்கள் சிலவற்றில் அந்த பேண்ட் 28 கிடையாது. தாவியபின் அவரிடம் வந்தார்கள்.

அவருக்குப் பிடித்த நோயாளி அமெரிக்காவிலிருந்து வந்த போன். கம்பெனி பூட்டு போட்டதா, தவணை முடிந்ததா, பேண்ட் 40 உண்டா என்று முறையாக விசாரிப்பார். முன்பு அங்கே விற்ற சில மாடல்களில் அது இருக்காது. நியூஜெர்ஸி மருமகன் அனுப்பிய ஐபோன் 14 மட்டும் அவரைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. சிம் போடும் ஊசியோடு நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். ஓட்டையே இல்லை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் அந்த மாடலிலிருந்து சிம் தட்டு கிடையாது, இ-சிம் மட்டும்தான். அன்று இரவே அதையும் படித்து முடித்தார்.

இவரிடம் குறைகளும் உண்டு. வேகம் பார்க்கும் ஆப்பில் 100 எம்பிபிஎஸ் என்று வந்தால், எட்டால் வகுத்து, படம் இறங்குவது நொடிக்குப் பன்னிரண்டரை எம்பிதான் என்று சொல்லி, மகிழ்ந்திருந்தவரை வாட வைப்பார். எளிய காரணங்கள் அவருக்குப் பிடிக்காது. பேண்ட், டவரின் திசை, கட்டடத்தின் கம்பி என்று ஒரு மணி நேரம் ஆராய்ந்தபின், பக்கத்தில் நிற்கும் பத்தாம் வகுப்புப் பையன் "அத்தை, இன்னைக்கு ஒன்றரை ஜிபி தீர்ந்துபோச்சு" என்பான். காபியை மடமடவென்று குடித்துவிட்டு மாமா கிளம்பிவிடுவார்.

ஆனாலும் கடைக்காரர் கேமராவைப் பற்றியும் மாதத் தவணையைப் பற்றியும் பேசும்போது, பேண்ட் எண்களைப் படித்துச் சொல்ல தெருவில் வேறு ஆள் இல்லை. போன் வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன்பே அவரைப் பார்த்துவிடுவது நல்லது. மாலை ஆறு மணிக்குள் போகவும். அதற்குமேல் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியாது.