கர்ப்ப பிண்டமும் டைனிங் டேபிளும்

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1933-இல் யோகசாலை தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார், அங்கே பெரும்பாலும் சிறுவர்களுக்குத்தான் ஆசனம் சொல்லிக்கொடுத்தார். செலவெல்லாம் மகாராஜாவுடையது. அவருடைய சீடர் பட்டாபி ஜோய்ஸ் அதை அஷ்டாங்க யோகம் என்ற பெயரில் பரப்ப, அது உலகத்தைச் சுற்றிவிட்டு மடிப்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகைக்கு வந்து, அங்கிருந்து என் தலையில் விழுந்தது. அரண்மனைப் பையன்கள் யாரும் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து தலைகீழாக நின்றிருக்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மைசூர் முறை என்பது லேசுப்பட்டதல்ல. வாரத்தில் ஆறு நாள். விடியுமுன் வெறும் வயிறு. முதல் வரிசையை முழுதாக முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்த வரிசைக்கு யோக சிகிச்சை என்று பெயர். முதல் மாதம் முடிந்ததும் நமக்கு வேறு சிகிச்சை தேவைப்படும். பிடித்த ஆசனத்தை மட்டும் போட்டுவிட்டு நழுவ முடியாது. ஒன்று பிடிபட்டால்தான் சொல்லிக்கொடுக்கும் சார் அடுத்ததைக் கொடுப்பார். பிரம்மாவின் பிள்ளையான மரீசி முனிவர் பெயரில் நாலு ஆசனம் இருக்கிறது. நாலாவதில் ஒரு காலைப் பத்மாசனமாக மடித்து, மறு காலைக் குத்திட்டு, உடம்பை எதிர்ப்பக்கம் முறுக்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோக்க வேண்டும். முந்தின நாள் ரிசப்ஷனில் சாப்பிட்ட பரோட்டா அந்த முறுக்கலில் எழுந்து நின்று சாட்சி சொல்லும். அந்த இரு கைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் என் நாத்தனாரும் நானும்கூடச் சமாதானமாகிவிட்டோம், கைகள் சேரவில்லை.

யோகத்துக்கு வரும் இடையூறுகள் என்று பதஞ்சலி ஒன்பதைப் பட்டியல் போட்டிருக்கிறார். வியாதி, சந்தேகம், சோம்பல் எல்லாம் அதில் உண்டு. வளைகாப்பு, கிரகப்பிரவேசம், ஊரிலிருந்து வந்து ஹாலில் படுத்திருக்கும் பெரியப்பா ஆகியவை இல்லை. சம்சாரிக்கு எழுதிய நூல் அல்ல என்பது அதிலேயே தெரிகிறது.

கொட்டகைக்குப் போக முடியாத மழை நாட்களில் வீட்டு ஹாலில் மேட்டை விரிப்பேன். அங்கே வில்லன், கர்ப்ப பிண்டாசனம். பத்மாசனம் போட்டுக்கொண்டு, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவிலுள்ள சந்தில் கைகளை நுழைத்து, முழங்கைவரை வெளியே இழுத்து, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கை வழுக்கிக்கொண்டு போகத் தண்ணீர் தெளித்துக்கொள்வது வழக்கம். பிறகு அப்படியே முதுகில் உருண்டு உருண்டு, ஒன்பது உருளலில் ஒரு வட்டம் சுற்றி வர வேண்டும். கொட்டகையில் பிரச்சினையில்லை. எங்கள் ஹாலின் தரையோ பால்கனிப் பக்கம் வாட்டம் வைத்துக் கட்டியது. மேட்டை விட்டு விலகியவள் ஆறாவது உருளலில் டைனிங் டேபிளுக்கு அடியில் போய், இரண்டு நாற்காலிக் கால்களுக்கு நடுவே மல்லாக்க மாட்டிக்கொண்டேன். கைகள் காலுக்குள். கால்கள் ஒன்றுக்குள் ஒன்று. எதை முதலில் எடுத்தால் எது வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பாலுக்காகத் திறந்து வைத்த கதவு வழியாக வேலைக்கு வரும் அக்கா உள்ளே வந்தார்.

"ஐயோ, அம்மாவுக்கு இழுத்துக்கிச்சு!" என்று ஒரு கத்தல். அடுத்த நொடி, வெளியே துருத்திக்கொண்டிருந்த என் வலது கையில் இரும்புச் சாவிக்கொத்து திணிக்கப்பட்டது. இடது கைக்கு ஏதாவது கிடைக்குமா என்று அவர் அடுப்படிக்கு ஓடி, தோசைக்கரண்டியோடு திரும்பினார். பேசலாம் என்றால் கழுத்து மார்பில் அமுங்கியிருந்ததால் என் குரல் முனகலாகத்தான் வந்தது. அது அவருடைய சந்தேகத்தை உறுதிசெய்தது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் விடவில்லை என்று கேட்பார்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் விடுமுறை என்பதுதான் காரணம். மரபுப்படி சனிக்கிழமை பயிற்சி கிடையாது. அமாவாசை, பௌர்ணமியும் கிடையாது. தினசரிக் காலண்டரில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது திதி மட்டும் பார்க்கிறேன். மாமியார் அமாவாசை என்றால் பித்ருக்களை நினைப்பார். நான் தலையணையை நினைப்பேன். ஒருமுறை அமாவாசை வெள்ளி மத்தியானம் பிறந்து சனி மத்தியானம்வரை இருந்தது. ஏற்கெனவே லீவான சனியில் திதியை வீணடிப்பானேன், வெள்ளியன்றே எடுத்துக்கொள்கிறேன் என்று சாரிடம் வாதாடினேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று கடைசி ஆசனமான உத்ப்ளுதியில், பத்மாசனத்தோடு உடம்பைக் கைகளால் தூக்கி நிற்கும்போது, பத்து மூச்சு எண்ண வேண்டியவர் ஏழு சொல்லிவிட்டுப் போய் ஃபேன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்து எட்டு சொன்னார்.

என் வைராக்கியத்தைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். உண்மையில் அது என் வைராக்கியமே அல்ல. அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் என் குரல் இல்லை. கணவர் இரண்டாவது காபியைக் கணக்குக்கு வராமல் குடிக்கிறார். பெண் டியூஷன் நோட்டுக்கு அடியில் போனை வைத்துக்கொள்கிறாள். மாமியார் சுப்ரபாதத்தை அவர் இஷ்டத்துக்குச் சத்தமாக வைக்கிறார். நான் ஒரு நாள் படுத்துவிட்டால் மூன்று பேருக்கும் நஷ்டம். போன மாதம் அலாரம் அடித்ததும் போர்வையை இழுத்துக்கொண்டு, "இன்னிக்கு அமாவாசைங்க" என்றேன். கணவர் எழுந்து போய்க் காலண்டரில் பார்த்தார். திரும்பி வந்து ஃபேனை நிறுத்தினார்.

"நாளைக்குத்தான். அதுவும் பத்தே காலுக்கு மேலதான் பிறக்குது. எழுந்திரு, ரெண்டு நாளும் போயிட்டு வந்துடலாம்."