வாய் தெறக்க நாள் பாத்த கதை

"தலைவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மாமா, சனம் அப்படியே மாறிரும்"ன்னு டீக்கடையில நீட்டி முழக்குனியே மருமவனே, அதைக் கேட்டு எனக்கு வெத்தலைச் சாறு பொரையேறிப்போச்சு. கிளைச் செயலாளரா ஆகி ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள தலைவர்மாரு நாக்குல மந்திரம் இருக்குன்னு கண்டுபிடிச்சிட்ட. சரி, உக்காரு. நம்ம ஊர்க் கதையைச் சொன்னா நீ கட்சி கட்டிக்கிட்டுச் சண்டைக்கு வருவ. அதனால அமெரிக்காக்காரன் கதையா எடுத்துக்கிடுவோம். ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் சட்டப்படி கல்யாணம் கட்டிக்கிடலாமான்னு அவங்க வருசக் கணக்கா மல்லுக்கட்டின கதை. மூஞ்சியச் சுளிக்காத. கல்யாணம் அவங்களுக்கு, பாடம் உனக்கு.

1996ல கேலப்புங்கிற கருத்துக்கணிப்புக்காரன் சனத்துக்கிட்ட இதைக் கேட்டான். நூத்துக்கு 27 பேருதான் 'கட்டிக்கிடட்டும்'னாவ. அந்த வருசம் தேர்தல் வேற. ஜனாதிபதி பில் கிளின்டன் ரெண்டாந்தடவ நிக்காரு. 'கல்யாணம்னா ஒரு ஆணும் ஒரு பொண்ணும்தான், மத்ததை மத்திய அரசு ஒத்துக்கிடாது'ன்னு ஒரு சட்டம் அவரு மேசைக்கு வந்துச்சு. கையெழுத்துப் போட்டாரு. எப்பன்னு கேளு: செப்டம்பர் 21, நடுச்சாமம் தாண்டி. கேமரா இல்ல, கைதட்டல் இல்ல. பகல்ல போட்டா ஒருபாதிப் பேரு கோவிப்பான், போடலைன்னா மறுபாதி கோவிப்பான். சாமத்துல போட்டா ரெண்டு பாதியும் தூங்கிக்கிட்டு இருப்பான்லா? அதே மனுசன் 2013ல, 'அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது, ரத்து பண்ணுங்க'ன்னு வாஷிங்டன் போஸ்ட் பேப்பர்ல கட்டுரையே எழுதுனாரு. அப்பத்துக்குள்ள கேலப்புக்காரன் கணக்கு பாதியைத் தாண்டியிருந்துச்சு.

அந்த 1996லயே சிகாகோவுல ஒரு இளந்தாரி வக்கீலு மாநில செனட்டுக்கு நின்னாரு. உள்ளூர்ப் பத்திரிகை ஒண்ணு கேள்வித்தாள் அனுப்புச்சு. 'இந்தக் கல்யாணத்தைச் சட்டமாக்க நான் ஆதரவு'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தாரு. பேரு ஒபாமா. 2004ல நம்ம டெல்லி நாடாளுமன்றம் மாதிரி இருக்க பெரிய செனட்டுக்கு நின்னப்ப, 'கல்யாணம்னா ஆணும் பொண்ணும்'. 2008ல ஜனாதிபதிக்கு நின்னப்ப ரிக் வாரன்ங்கிற பாதிரியாரு பக்கத்துல உக்காந்து, அதையே கர்த்தரு பேரையும் சேத்துச் சொன்னாரு. 2010ல 'என் எண்ணம் மாறிக்கிட்டு வருது'ன்னாரு. பதவி சின்னதா இருக்கையில பளிச்சுன்னு தெரிஞ்ச கருத்து, பதவி ஏற ஏற மங்கிக்கிட்டே போவுது பாத்தியா? அவருக்கு ஆலோசனை சொன்ன டேவிட் ஆக்சல்ராடு 2015ல பொஸ்தகமே போட்டுட்டாரு: உள்ளுக்குள்ள அவரு எப்பவும் ஆதரவுதான், தேர்தலுக்காக மறைச்சு வச்சிருந்தாருன்னு. நாளைக்கு நீ பெரிய ஆளாகி ஆலோசகன் வச்சேன்னா, எழுதப் படிக்கத் தெரியாதவனா பாத்து வை.

மறைச்சதுக்குக் கூலி கெடைக்காமலா போவும்? 2008 நவம்பர்ல கலிஃபோர்னியாவுல அந்தக் கல்யாணத்தைத் தடை பண்ணலாமான்னு சனத்துக்கிட்டயே ஓட்டு வச்சாவ. ஒபாமா 'தடை வேண்டாம்'னு காயிதம் எழுதுனாரு. தடை கேட்டவன் என்ன செஞ்சான் தெரியுமா? 'ஆணும் பொண்ணும்'னு அவரு சொன்ன குரலையே வெட்டி எடுத்து வீடு வீடா ஃபோன்ல ஓட விட்டுட்டான். ஒரே நாள், ஒரே பூத்து. நூத்துக்கு 61 பேரு ஒபாமாவுக்குப் போட்டாவ, 52 பேரு தடைக்கும் போட்டாவ. தலைவரு வாய்க்கு மந்திரம் உண்டுன்னு சொன்னேல்ல, அன்னைக்கு அந்த மந்திரம் எந்தப் பக்கம் வேலை செஞ்சுதுன்னு நீயே சொல்லு.

இப்ப கதையோட நடுப்பகுதிக்கு வாரேன். 2011 மே மாசம் கேலப்புக்காரன் மறுபடி கேட்டான். 53 வந்துட்டு. பாதியைத் தாண்டுனது அதுதான் மொதத் தடவ. ஜனாதிபதி அப்பவும் வாய் தெறக்கலை. 2012 மே 6, ஞாயித்துக்கெழமை, துணை ஜனாதிபதி ஜோ பைடன் டிவியில உக்காந்து, 'ஆணும் ஆணும் கட்டிக்கிடுததுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல'ன்னு போட்டு ஒடச்சிட்டாரு. வெள்ளை மாளிகையே பதறிப்போச்சு. மே 8 அன்னைக்கு வட கரோலினாவுல நூத்துக்கு 61 பேரு ஓட்டுப் போட்டுத் தடையை அந்த மாநில அரசியல் சாசனத்துலயே ஏத்திட்டாவ. மே 9, ராபின் ராபர்ட்ஸ்ங்கிற டிவிக்காரம்மா முன்னால உக்காந்து ஒபாமா ஆதரவு சொன்னாரு. 'எம் புள்ளைக கூட்டாளிகள்ல சில பேருக்கு ரெண்டு அம்மா, ரெண்டு அப்பா. அவங்களை வேற மாதிரி நடத்தணும்னு எம் புள்ளைகளுக்குத் தோணவே இல்ல'ன்னு சொல்லி, கர்த்தரு சொன்ன நீதியையும் இழுத்துக்கிட்டாரு. ஆனா முடிவை அந்தந்த மாநிலம் எடுக்கட்டும்னு ஒரு வாலும் வச்சாரு. வட கரோலினாவுல ஓட்டுப்பெட்டி மூடுன மறுநாள் சொன்னாருங்கதைக் குறிச்சு வச்சிக்கோ. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாவ?

சொன்னதும் நாடே பொரண்டுதான்னா, இல்ல. 'இதனால எங்க ஓட்டு மாறாது'ன்னு பத்துல ஆறு பேரு கேலப்புக்காரன்கிட்டயே சொல்லிட்டாவ. அப்ப என்னதான் நடந்துச்சு?

நெல்லையப்பரு தேரோட்டத்துக்குப் போயிருக்கேல்லா? நிலையில நிக்க தேரை மொதல்ல அசைக்கதுக்குள்ள முக்கி மொனகி கை கொப்புளிச்சவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. தேரு கெளம்பி வாகையடி முக்கு திரும்பையில வெள்ளைச் சட்டையில ஒரு பெரிய மனுசன் வந்து வடத்தைத் தொடுவாரு. மறுநாள் பேப்பர்ல அவரு படம். இம்புட்டுதான் தலைவருன்னு நான் சொல்லுவேன்னு நெனைக்க, இல்லையா? அவசரப்படாத. அதுவரைக்கும் திண்ணையில இருந்து வேடிக்கை பாத்தவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கும் இழுக்கணும்னு ஆசைதான், சொந்தக்காரன் என்ன சொல்லுவானோன்னு தயக்கம். 'அண்ணாச்சியே தொட்டுட்டாரு'ன்னதும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு எறங்கிருவான். அந்தத் திண்ணைக்காரன்தான் ஒபாமா சொல்லுக்கு மாறின ஆளு.

அதை மேரிலாந்துல கண்கூடாப் பாக்கலாம். அங்க 2012 மார்ச்சுல ஆளுநர் மார்ட்டின் ஓமாலி அந்தக் கல்யாணத்தைச் சட்டமாக்குனாரு. அவரு கத்தோலிக்கரு, அவரு சபையோ முழுசா எதிர்ப்பு. எதுத்தவங்க கையெழுத்து வாங்கி நவம்பர்ல பொதுஓட்டுக்குக் கொண்டாந்துட்டாவ. கறுப்பின சனம் அங்க நெறைய. கோயிலுக்குப் போற சனம், போதகரு சொல்லுத் தட்டாத சனம். மார்ச்சுல பிபிபிங்கிற கணிப்புக்காரன் கேட்டப்ப அவங்கள்ல நூத்துக்கு 56 பேரு 'எதுத்துப் போடுவோம்'னாவ. ஒபாமா பேசின பெறவு அதே மே மாசம் கேட்டான்: 55 பேரு 'ஆதரிச்சுப் போடுவோம்'. ரெண்டு மாசந்தான். எந்த ஊர்லயும் சனம் ரெண்டு மாசத்துல மனசு மாத்தாது மருமவனே. மனசுக்குள்ள ஏற்கெனவே பாதி மாறி இருந்தது, அவரு சொன்னதும் வாசலுக்கு வந்துச்சு. மே 19ல என்.ஏ.ஏ.சி.பி.ங்கிற அவங்க பெரிய சங்கமும் 'இது சம உரிமை'ன்னு தீர்மானம் போட்டுச்சு. டெல்மன் கோட்ஸ்ங்கிற பாப்டிஸ்ட் போதகரு வெளியில வந்து ஆதரவாப் பேசினாரு. வேற போதகருக 'ஒபாமா நம்மாளுதான், ஆனா இது பாவந்தான்'னு பிரசங்கம் பண்ணிக்கிட்டே இருந்தாவ. நவம்பர் 6ல பெட்டியைத் தெறந்தா ஆதரவு 52.4. அன்னைக்கே மேய்ன், வாஷிங்டன் மாநிலத்துலயும் செயிச்சுது, மினசோட்டாவுல தடை தோத்துது. சனமே ஓட்டுப் போட்டு இந்தக் கல்யாணத்தைச் செயிக்க வச்சது அமெரிக்காவுல அதுதான் மொதத் தடவ.

இது எல்லாத் தலைவருக்கும் பலிக்காதுங்கதையும் கேளு. பிரையன் ஹாரிசன், மெலிசா மைக்கேல்சன்னு ரெண்டு பேராசிரியருக சோதனை பண்ணிப் பொஸ்தகமே போட்டுருக்காவ. ஒரு விளையாட்டு அணியோட ரசிகனுக்கு அந்த அணி ஆளு சொன்னா காது தெறக்குது, கட்சிக்காரனுக்கு அவங் கட்சிக்காரன் சொன்னா தெறக்குது. எதிராளி எவ்வளவு நியாயமாப் பேசினாலும் காதுல ஏறாது. அதுலயும், இவன் இதைச் சொல்லமாட்டான்னு நெனச்சவன் சொன்னா பலன் கூட. 2013ல ராப் போர்ட்மன்ங்கிற குடியரசுக் கட்சி செனட்டரு 'எம் மகனே அப்படித்தான், அதனால மனசு மாறிட்டேன்'னாரு. அப்ப பதவியில இருந்த அந்தக் கட்சி செனட்டருகள்ல அப்படிச் சொன்ன மொத ஆளு அவரு. மகன் சொன்னதுக்குப் பெறவுதான் அப்பாவுக்குப் புரிஞ்சிருக்கு. தலைவருக்கே வீட்டுக்குள்ள ஒரு தலைவரு வேண்டியிருக்கு.

ஆஸ்திரேலியாவுல இன்னும் வேடிக்கை. 2017ல தபால்ல கருத்துக் கேட்டாவ. முன்னாள் பிரதமரு டோனி அபட்டு 'வேண்டாம்'னு தொண்டை கிழியக் கத்துனாரு. அவரு சொந்தத் தொகுதி வாரிங்காவுல நூத்துக்கு 75 பேரு 'வேணும்'னு எழுதிட்டாவ. அதே நேரத்துல, 'வேணும்'னு சொன்ன தொழிற்கட்சியோட கோட்டையான சிட்னி மேற்குப் பக்கத்துல பிளாக்ஸ்லாந்து தொகுதியில 74 பேரு 'வேண்டாம்'. அபட்டும் சரி, தொழிற்கட்சியும் சரி, அவங்கவங்க வீட்டு வாசல்லயே தோத்தாவ. கெட்டிக்காரின்னா ஜெர்மனிக்காரம்மா மெர்க்கல்தான். 'அவரவரு மனசாட்சிப்படி போடுங்க'ன்னு கதவைத் தெறந்து விட்டுட்டு, தாம் மட்டும் எதுத்து ஓட்டுப் போட்டாவ. சட்டமும் நிறைவேறிச்சு, எதுத்தவன்கிட்டயும் மொகம் கோணாம நிக்க முடிஞ்சுது. உனக்கு வாத்தியார் வேணும்னா அந்தம்மாவைப் புடி.

மாறின சனம் மாறினபடியே இருக்கும்னும் நெனச்சிராத. அமெரிக்காவுல குடியரசுக் கட்சிக்காரங்கள்லயே 2021ல நூத்துக்கு 55 பேரு ஆதரவுக்கு வந்திருந்தாவ. 2025ல கேலப்பு கேக்கையில அது 41 ஆயிட்டு. காரணம் ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. என்னையக் கேட்டா, அந்தக் கட்சிப் பெரியாளுக 'அது முடிஞ்ச கதை'ன்னு ஒரு தடவ சொல்லிட்டுப் போயிட்டாவ, திரும்பிப் பாக்கலை. எதுத்தவன் ஒரு நாள்கூட ஓயலை.

நம்ம தேசத்துக் கணக்கையும் சொல்லிருதேன். 2023 அக்டோபர் 17ல உச்ச நீதிமன்றம் 'இது நாடாளுமன்றத்து வேலை'ன்னு கையை விரிச்சுட்டு. அதுக்கு முந்தி 2022லயே எம்.பி. சுப்ரியா சுலே அம்மா இதுக்குத் தனிநபர் மசோதா ஒண்ணு கொண்டாந்தாவ. அது கெடப்புலதான் கெடந்துச்சு. அந்த 2023ல பியூங்கிற ஆராய்ச்சிக்காரன் இந்தியாவுல கேட்டதுக்கு நூத்துக்கு 53 பேரு ஆதரவுன்னாவ. அமெரிக்காவுல 2011ல வந்த அதே 53. அங்க அந்த நம்பர் வந்து ஒரு வருசத்துல தலைவரு வாயைத் தெறந்தாரு. உங்க தலைவருக்கும் நாள் பாக்கணும்னா சொல்லு மருமவனே, பஞ்சாங்கம் எங்கிட்டயே இருக்கு.