எங்கடதாம்!

2012 ஆகஸ்ட் 31. கொழும்பு பிரேமதாச அரங்கில் கிரிக்கெட் இறுதி ஆட்டம். திருகோணமலையில் ஒரு தேத்தண்ணிக் கடையில், வாழைக்குலைக்கும் பணிஸ் பெட்டிக்கும் நடுவே இருந்த ரி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் ‘நெகெனஹிர நாகாஸ்’ என்றோர் அணி. பக்கத்தில் நின்ற பொடியன் கேட்டான்:

“இது யாற்ற ரீம் அண்ணை?”

கடைக்காரர் வடையைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “எங்கடதாம்.”

அந்தத் ‘தாம்’முக்குள் அடங்காத வரலாறு ஏதும் அந்த அணிக்கு இல்லை.

நெகெனஹிர என்றால் சிங்களத்தில் கிழக்கு. ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் என்ற பெயரில் ஏழு அணிகளை உண்டாக்கி, அவற்றுக்கு மாகாணங்களின், பிரதேசங்களின் பெயரைச் சூட்டி முதலாளிகளுக்கு விற்றார்கள். கிழக்கும் விலைபோனது. விற்கிறோம் என்று எங்களிடம் ஒரு வார்த்தை? அது எப்போது வழக்கத்தில் இருந்தது! அதே ஆண்டு மே மாதம் சம்பூரில் 818 ஏக்கரைக் கனரகக் கைத்தொழில் வலயம் என்று வர்த்தமானியில் போட்டபோதும் கேட்கவில்லை. 2006இல் குண்டுக்குத் தப்பி ஓடிய சம்பூர்ச் சனம் அப்போதும் கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருந்தது. காணி போனது, அணி வந்தது. மோசமான பண்டமாற்று என்று சொல்லாதீர்கள். காணி என்றால் உறுதி காட்ட வேண்டும், எல்லைக்கல் தேட வேண்டும், வழக்குக்கு அலைய வேண்டும். அணிக்குக் கை தட்டினால் போதும்.

ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலவிலும் மட்டும். கிழக்கின் அணி கிழக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. இங்கே அதற்கேற்ற மைதானமில்லை, இரவு ஆட்டத்துக்கு விளக்கில்லை என்பார்கள். இல்லைதான். துறைமுகத்தின் ஆழம் பார்க்க உலகத்துக் கப்பலெல்லாம் வழி தெரிந்து வருகிறது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99ஐயும் ஆளுக்காள் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு விளக்குக் கம்பம் நடுவதற்கு மட்டும் திருகோணமலை தூரமாகிவிடுகிறது.

வட அமெரிக்காவில் சின்ன நகரங்களின் ஐஸ் ஹொக்கி அணிகள் காசு முடிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விடும். போகட்டும். போகுமுன் ஊர்க்காரன் ஒரு பனிக்கால இரவாவது அரங்கில் குந்தியிருந்து அவர்களை வாய்நிறைய ஏசியிருப்பான். எங்களுக்கு அந்தப் பாக்கியமும் ரி.வி. வழியாகத்தான்.

இறுதி ஆட்டத்தன்று இரவு மழை வந்தது. பின்னால் டக்வர்த்-லூயிஸ் கணக்கு வந்தது. எதிரணியான ஊவா நெக்ஸ்ட் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனது. நாகாஸின் தலைவர் அஞ்சலோ மத்யூஸ். நல்ல ஆட்டக்காரர், அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தோற்றதிலும் கவலையில்லை. கணக்குப் பார்த்து எங்களைத் தோற்கடிப்பது இந்த நாட்டில் புதிதா?

2013இல் அணி முதலாளிகள் வங்கி உத்தரவாதத்தைக் கட்டவில்லை. தொடர் நின்றது, அணியும் செத்தது. நாகதம்பிரானுக்குப் பால் வைத்தால் பாம்பு ஒருநாள் புற்றடிக்காவது வந்து எட்டிப் பார்க்கும். இந்த நாகம் தலை காட்டாமலே மேற்கில் பிறந்து மேற்கில் போய்ச் சேர்ந்தது.

2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். தம்புள்ளைக்குச் சட்டை மாற்றுவதுபோல வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்ஸர்ஸ் என்று பெயர் மாறியது. இடையில் ஆட்டநிர்ணயக் குற்றச்சாட்டில் ஒரு முதலாளி கைதும் ஆனார். கிழக்கின் பெயரை விற்று ஏமாற்றக்கூட ஒருவரும் வரவில்லை. அதிலும் ஒரு சின்ன வருத்தம் எனக்கு.

அந்த இறுதி ஆட்டம் முடிந்து எட்டாம் நாள், செப்டெம்பர் 8, கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. வெயிலில் வரிசையில் நின்று 37 பேரைத் தெரிவுசெய்தோம். 2017 செப்டெம்பரில் அவர்களின் காலம் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. முதலில் எல்லை நிர்ணயம் என்றார்கள், பிறகு சட்டச் சிக்கல் என்றார்கள், பிறகு காசில்லை என்றார்கள். கிரிக்கெட் முதலாளிமார் பரவாயில்லை. ஒரே சாட்டோடு கடையைப் பூட்டினார்கள். மாகாணத்துக்கு ஆளுநர் மட்டும் ஜனாதிபதியின் கடிதத்தோடு மாறி மாறி வந்துகொண்டிருக்கிறார். ஆட்டக்காரர் ஒருவருமில்லாத மைதானத்தில் நடுவர் மட்டும் தொப்பியோடு நிற்கிறார், சம்பளம் நிற்கவில்லை.

போன கிழமை டச்பே கடற்கரையில் பிள்ளைகள் மென்பந்து விளையாட அணி பிரித்தார்கள். மான் ஒன்று விக்கெற்றுக்கு வைத்த தென்னைமட்டையை முகர்ந்துவிட்டுப் போனது. ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் மும்பை. “கிழக்கு ஆரடா?” என்று கேட்டேன்.

“அதுக்கு ரீம் இருக்கா அங்கிள்?”

“இருந்ததாம்.”