யாருக்குக் கொழுப்பு?

2024 செப்டம்பரில், திருப்பதி லட்டு நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்தது என்று ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு சொன்னதும் தேசமே வாய் கொப்பளித்தது. துணை முதல்வர் பவன் கல்யாண் பதினோரு நாள் பரிகார தீட்சை எடுத்தார். திருமலையில் சாந்தி ஹோமம் நடத்திப் பஞ்சகவ்யம் தெளித்தார்கள். மாட்டுக் கொழுப்பால் வந்ததாகச் சொன்ன தீட்டை மாட்டு மூத்திரமும் சாணமும் கழுவின! ஒரே மாட்டின் உடம்புக்குள்ளும் மேல்சாதி, கீழ்சாதி பிரித்த பெருமை நமக்கே உரியது.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: என் வாய்க்குள் என்ன போயிற்று? கொழுப்பு மாட்டினுடையது என்றால், அந்த மாடு எங்கே, எப்படிச் செத்தது? அதை யாரும் கேட்கக் காணோம். பக்கத்துக் காளத்தியில் கண்ணப்பர் பன்றிக்கறியைத் தாமே சுவைத்துப் பார்த்து ஊட்டினார். சிவபெருமான் அதை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. பன்றியைப் பற்றி அன்றும் யாரும் கேட்கவில்லை.

பிறகு புலனாய்வுக் குழு வந்தது. உத்தராகண்ட் நிறுவனம் ஒன்று, ஒரு சொட்டுப் பாலும் வாங்காமலே ஐந்து ஆண்டுகளில் திருமலைக்கு 68 லட்சம் கிலோ நெய் அனுப்பியதாக 2025இல் அந்தக் குழு குற்றஞ்சாட்டியது. மாட்டைத் தொடாமலே நெய்! மகாவீரருக்கும் விலங்கு விடுதலை பேசிய பீட்டர் சிங்கருக்கும் கைவராத அகிம்சை, டெண்டரில் கைவந்துவிட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில், தேவஸ்தானக் கோசாலையில் மூன்று மாதத்தில் நூற்றுக்கு மேல் பசுக்கள் செத்தன என்றார் அதன் முன்னாள் அறங்காவலர் குழுத் தலைவர் பூமன கருணாகர ரெட்டி. இல்லை, 43தான் என்றது தேவஸ்தானம். அந்தத் 'தான்' எவ்வளவு ஆறுதல்! வாக்குச்சீட்டு எண்ணுவதுபோல் கட்சிகள் பிணம் எண்ணின.

விலங்கை இயந்திரம் என்றார் தெகார்த் என்று மேடையில் மேற்கைப் பழிக்கிறோம். விலங்குக்கு நாம் நேராகக் கடமைப்படவில்லை, அதை வதைத்தால் நம் மனம்தான் கெடும் என்றார் காண்ட். அதற்கு வலிக்குமா என்பதே கேள்வி என்று 1789இல் பெந்தாம் திருப்பிப்போட்டார். நாமோ மேடையில் மகாவீரர், மடைப்பள்ளியில் காண்ட். நமக்கு நம் சுத்தம்தான் முக்கியம், மாட்டின் வலி அல்ல. காண்ட் அதை வெளிப்படையாகவாவது சொன்னார்.

சித்தூர்ப் பக்கத்துத் தொழுவத்தில் கலப்பினப் பசு காளைக்கன்று ஈன்றால் என்ன ஆகும்? உழவுக்கு டிராக்டர், சினைக்கு ஊசி. கன்றுக்கு வேலை இல்லை, ஆகவே பாலும் இல்லை. பசுவையும் கன்றையும் அறுக்கக் கூடாது என்கிறது 1977 ஆந்திரச் சட்டம். அறுத்தால் போலீஸ் வரும். பால் மறுத்துக் கட்டிப்போட்டால் யார் வருவார்? கன்று செத்தால் வைக்கோல் அடைத்த தோலைத் தாய்முன் நிறுத்திக் கறக்கவும் நமக்குத் தெரியும்.

லட்டு வரிசையில் நிற்கும் பெருமக்களே, நெய் சுத்தமா என்று ஆய்வகத்தைக் கேட்டாயிற்று. அந்தப் பாலுக்குரிய கன்று என்ன ஆயிற்று என்று தேவஸ்தானத்தைக் கேளுங்கள். கேட்கத் துணிவில்லையென்றால், ஜீவகாருண்யம் என்ற சொல்லை இனி வாயில் எடுக்காதீர்கள்.