பத்து ரூபாய் பல்பு செய்த குற்றம்

2014 பிப்ரவரியில் புதுச்சேரி இந்தியாவுக்கே ஒரு காரியத்தைச் செய்து காட்டியது. அந்தக் குற்றத்துக்காக இந்த ஊரை மேலிடம் இன்னும் மன்னிக்கவில்லை.

குற்றம் இதுதான். வீட்டுக்கு மூன்று எல்இடி பல்பு, ஒன்றுக்குப் பத்து ரூபாய். பழைய குண்டு பல்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் புதுசு கைக்கு வரும். அந்தப் பல்பின் கொள்முதல் விலை அன்றைக்கு 310 ரூபாய். மீதி முந்நூறை யார் போட்டது? தலைவர் படம் ஒட்டிய இலவசத் திட்டம் இல்லை, உலக வங்கிக் கடனும் இல்லை. மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் முதலில் கைக்காசைப் போடும். பல்பு மாறியதால் மின்துறைக்கு மிச்சமாகும் கொள்முதல் செலவிலிருந்து அதைத் தவணையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் சரி என்றது. நாம் கட்டும் கரண்டு பில் பணமே நம் கரண்டு செலவைக் குறைக்கிற சாமானை வாங்கித் தந்தது. இதைவிட ஆபத்தான யோசனை ஓர் அரசாங்கத்துக்கு வரக்கூடாது.

முந்தானையில் குண்டு பல்பைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்ற பாட்டிமார்களுக்கு இந்தப் பொருளாதாரம் எதுவும் தெரியாது. "என்ன தம்பி, சும்மா வெள்ளையா பல்லைக் காட்டுது, வெளிச்சம் வருமா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. வந்தது. அறுபது வாட் எரிந்த இடத்தில் ஏழு வாட் எரிந்தது.

கணக்கு போடலாம், வாருங்கள். இந்த யூனியன் பிரதேசத்தில் கைமாறிய பல்புகள் ஆறு லட்சத்துக்கும் மேல். பல்புக்கு 53 வாட் மிச்சம். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாம் ஒன்றாக எரிகிறது என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 32 மெகாவாட் தேவை குறைகிறது. நம் அரசுக்கென்று சொந்தமாக இருக்கிற ஒரே பெரிய மின்நிலையம், காரைக்கால் எரிவாயு நிலையம், அதன் திறன் 32.5 மெகாவாட். துணிப்பையும் முந்தானையுமாக நின்ற ஜனங்கள் ஒரு மின்நிலையத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். செலவு, பல்புக்கு 310 என்றே வைத்தாலும், பத்தொன்பது கோடி ரூபாய்க்குள். அந்தக் காலத்தில் அனல் நிலையம் கட்ட மெகாவாட்டுக்கு ஐந்து கோடிக்குக் குறையாது. 32 மெகாவாட்டுக்கு 160 கோடி. அதற்குப் பிறகு நிலக்கரி, சாம்பல், புகை, திறப்பு விழாப் பந்தல் தனி.

இங்கே ஒத்திகை பார்த்ததைத்தான் 2015 ஜனவரி 5 அன்று பிரதமர் நாட்டுக்கு விட்டார். பிறகு அதற்கு 'உஜாலா' என்று பெயர் சூட்டினார்கள். மொத்தக் கொள்முதலால் 310 ரூபாய் பல்பு சில ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேல் பல்புகள் போயின. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஒத்திகை பார்த்த ஊருக்கு என்ன மிஞ்சியது? அடுத்த படி ஏறுவதற்கு அனுமதியா, ஊக்கமா, நிதியா? 2020 மே மாதம் பரிசு வந்தது. யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகம் தனியார்மயமாக்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். நோய்த்தொற்றில் ஊர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். சுயசார்பு இந்தியா என்ற தலைப்பின் கீழ் வந்த அறிவிப்பு. சொந்தக் கடையை விற்றுவிட்டால் சுயசார்பு வந்துவிடும் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

அடுத்த படி என்னவாக இருந்திருக்கலாம் என்பதை இந்த ஊரில் ஒரு மே மாதம் இருந்தவன் எவனும் சொல்வான்: மின்விசிறி. கடல்காற்று நின்றுபோன மத்தியானத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. இங்கே விளக்கு நாலு மணி நேரம் எரிந்தால் விசிறி பன்னிரண்டு மணி நேரம் சுற்றும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். புதுவகை பிஎல்டிசி விசிறிக்கு முப்பது போதும். வருஷத்தில் 300 நாள் என்று வைத்தாலும் ஒரு விசிறியில் 162 யூனிட் மிச்சம். பல்பு வருஷம் முழுக்க எரிந்து தந்தது 77. இரண்டு மடங்குக்கு மேல். விலை மூவாயிரம் ரூபாய்ப் பக்கம் என்பதால் ஏழை வாங்க மாட்டான். ஆனால் மாதாமாதம் பில்லிலேயே ஐம்பதோ அறுபதோ கழித்துக்கொண்டால் எந்த வீட்டுக்கும் கசக்காது, ஏனென்றால் பில்லும் கூடவே குறையும். வீடு வீடாக ரீடிங் எடுக்க ஆள் இருக்கிறது, வசூலிக்கக் கவுன்டர் இருக்கிறது, முன்னுதாரணம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: மின்துறைக்கென்று ஒரு கல்லாப்பெட்டி.

பலருக்கு இது தெரியாது. புதுச்சேரியில் மின்விநியோகம் செய்வது வாரியமும் இல்லை, கழகமும் இல்லை. அது ஓர் அரசுத் துறை. நாம் கவுன்டரில் கட்டும் பணம் அரசின் தொகுநிதிக்குப் போகிறது. பிறகு அந்தத் துறை பட்ஜெட் வழியாகத் தன் செலவுக்குத் தானே கையேந்தி நிற்க வேண்டும். நாம் கரண்டுக்குக் கொடுத்த காசில் எது சம்பளமாயிற்று, எது தீபாவளி இலவசமாயிற்று, எது திறப்பு விழாக் கல்வெட்டாயிற்று என்று எந்தச் சித்ரகுப்தனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மிச்சம் வந்தால் அரசுக்கு வருமானம். துண்டு விழுந்தால் மட்டும் அது மின்துறையின் நஷ்டம். அந்த நஷ்டத்தைக் காட்டித்தான் விற்கிறோம் என்கிறார்கள்.

துண்டு ஏன் விழுகிறது? ஒரு சான்றிதழுக்காகப் போய் நான் உட்கார்ந்திருந்த அரசு அலுவலகம் ஒன்று, பெயர் வேண்டாம். பகல் பன்னிரண்டு மணி. ஜன்னல்களுக்குத் திரை போட்டு வெயிலை மறைத்து, மறைத்த வெளிச்சத்துக்கு ஈடாக டியூப்லைட் போட்டிருந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு மேல் விசிறிகள் பொறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் வேலை பார்த்தவை அவை மட்டுமே. உள்ளறையில் ஏசி பதினெட்டில், அதிகாரி மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு. சுவரில் 'மின்சாரத்தைச் சேமிப்போம்' சுவரொட்டி, ஏசி காற்றில் படபடத்தது. இது ஓர் இடத்தின் கதை. அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் அரசு நிறுவனங்களும் மின்துறைக்கு வைத்திருக்கும் பாக்கியோ கோடிகளில். முந்நூறு ரூபாய் பில்லுக்கு நாலு நாள் தாமதமானால் பீஸைப் பிடுங்க லைன்மேன் வருவார். கோடி ரூபாய் பாக்கிக்கு நினைவூட்டல் கடிதம் போகும், அதுவும் ஏசி அறைக்கு.

சரி, புதுச்சேரி அரசுதான் இப்படி, தில்லி ஒழுங்காகச் செய்ததா? 2010 ஜூலை முதல் நிலக்கரிக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் கூடுதல் வரி போட்டார்கள். அழுக்கு எரிபொருளின் காசில் சூரிய ஒளியும் காற்றாலையும் வளரும் என்றார்கள். அருமையான யோசனை, கைதட்டினோம். ஐம்பது நூறாயிற்று, நூறு இருநூறாயிற்று, 2016-ல் நானூறாயிற்று. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அறுநூறு எழுநூறு கிராம் நிலக்கரி எரிய வேண்டும். அப்படியானால் யூனிட்டுக்குச் சுமார் கால் ரூபாய் வரி. பக்கத்து நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கிட்டத்தட்ட ஒரு கிலோ கேட்கும். அப்போது நாற்பது பைசா. உற்பத்தி நிலையம் அதைக் கைக்காசிலிருந்தா கட்டும்? கொள்முதல் விலையில் ஏறி, நம் கட்டணத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வைத்திக்குப்பத்து மீனவர் வீடும் இந்தியாவின் தூய ஆற்றலுக்கு நன்கொடை தந்தது, ரசீது இல்லாமல்.

நன்கொடை எங்கே போயிற்று? 2010-11 முதல் 2017-18 வரை வசூல் 86,440 கோடி ரூபாய். தூய ஆற்றல் நிதிக்கு மாற்றப்பட்டது 29,645 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. நூறு ரூபாய் வாங்கி, பதினெட்டு ரூபாய்க்குக் காரியம். உண்டியலுக்குக் காவல் நின்றவர்களே எண்பத்திரண்டை எடுத்துக்கொண்டு போனால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. நாடாளுமன்றத்தில் அதற்கு நிதி மேலாண்மை என்று பெயர். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தப் பாசாங்கும் வேண்டாம் என்று நிலக்கரி வரியை முழுதாக மாநிலங்களின் ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பினார்கள். நேர்மையாகச் சொன்னால் அதில் கொஞ்சம் நம் புதுச்சேரிக்கும் இழப்பீடாகத் திரும்பி வந்தது. வந்தது தொகுநிதியில் விழுந்தது. விழுந்ததை யார் பார்த்தார்கள்? 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கூடுதல் வரியே இல்லை. நிலக்கரியின் ஜிஎஸ்டியை 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக்கிக் கணக்கை முடித்துவிட்டார்கள். சூரியன் வழக்கம்போல் வங்காள விரிகுடாவில் உதித்துக்கொண்டிருக்கிறது, யாரும் காசு கொடுக்காமலே.

இத்தனைக்கும் 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் எரிசக்திச் சேமிப்புக்கென்று தனி நிதி ஒன்று வைக்க வேண்டும் என்கிறது. கரண்டு காசில் ஒரு பங்கு அந்த நிதிக்குப் போய், அங்கிருந்து விசிறியாகவும் கூரைச் சூரியத்தகடாகவும் திரும்பி வருவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. வெளியே தேடினால் உதாரணமும் இருக்கிறது. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் மின்விநியோகம் மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவின் கையில். 1989 ஜூனில் அந்த மக்கள் வாக்களித்துத் தங்கள் ராஞ்சோ செக்கோ அணுமின் நிலையத்தையே மூடினார்கள். பிறகு அந்த விநியோக அமைப்பு மின்சாரத்தைச் சேமிப்பதில் தன் பணத்தைப் போட்டது. பழைய குளிர்ப்பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கி அப்புறப்படுத்தியது. ஏசி செலவு குறைய வீட்டோரம் நிழல்மரம் நட்டது, காலப்போக்கில் ஐந்து லட்சத்துக்கும் மேல். கடை அவர்கள் கையில் இருந்தது, அதனால் செய்தார்கள்.

நம் கடைக்கு 2022 செப்டம்பரில் ஏலம் போட்டார்கள். நூறு விழுக்காடு பங்கும் தனியாருக்கு. மின்துறை ஊழியர்கள் 28-ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் பிறந்தபோது தெருத்தெருவாக இருட்டு. ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பேச ஆள் அனுப்ப வேண்டிய நேரத்தில் துணை ராணுவம் வந்து இறங்கியது. டிரான்ஸ்பார்மரைத் துப்பாக்கியால் சரிசெய்ய முடியாது என்பது யாருக்கோ மெதுவாகத் தெரியவந்தபின், முதல்வர் ரங்கசாமி பேசி, போராட்டம் நின்றது. விற்கும் எண்ணம் நின்றதாக யாரும் எழுதித் தரவில்லை. தாத்ரா-டாமன் பக்கம் 2022 ஏப்ரலிலேயே டோரண்ட் என்ற தனியார் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. சண்டிகர் 2025 பிப்ரவரி 1 அன்று கோயங்கா குழுமத்திடம் போனது. பட்டியலில் நம் பெயருக்கு நேரே இன்னும் டிக் விழவில்லை, அவ்வளவே.

மும்பையிலும் தில்லியிலும் தனியார் விநியோகஸ்தர்களும் மின்சிக்கனத் திட்டம் நடத்தியிருக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். நடத்தினார்கள், ஒழுங்குமுறை ஆணையம் அந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள விட்டதால் நடத்தினார்கள். விற்றபின் நம் காசிலேயே நமக்கு விசிறி வாங்கித் தரும்படி இன்னொருவனிடம் மனு போட வேண்டும். விற்காமலே அதைச் செய்யலாமே என்றால், துறையில் நிதி இல்லை என்பார்கள். நிதி எங்கே என்றால், தொகுநிதியில் என்பார்கள். அது யாருடையது என்றால், கூட்டம் முடிந்தது, தேநீர் சாப்பிடுங்கள்.

கூரைச் சூரியத்துக்கு மூன்று கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறதே என்கிறார்கள். தருகிறது, சொந்தக் கூரை இருப்பவனுக்கு. மீதிப் பணத்தை முதலில் புரட்ட முடிந்தவனுக்கு. குருசுக்குப்பத்தில் வாடகை அறையில் ஐந்து பேர் படுக்கும் குடும்பத்துக்குக் கூரை வீட்டுக்காரருடையது, வெயில் மட்டும்தான் அவர்களுடையது. அந்த வீடுகளுக்காக மின்துறையே தகடு நிறுவி, உற்பத்தியைப் பில்லில் வரவு வைக்கலாம். விநியோக அமைப்புகளே முன்னின்று நடத்த அந்த மத்திய மானியத் திட்டத்தின் விதிகளில் வழியும் உண்டு. அதற்கும் அந்தக் கல்லாதான் வேண்டும்.

ஆனால் கல்லா இல்லாத துறைக்கு ஒன்று மட்டும் தாராளமாக வருகிறது: முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர். நாடு முழுக்க 25 கோடி என்று இலக்கு. நம் ஊருக்கும் பங்கு உண்டு. காசு தீர்ந்தால் தானே அணைந்துவிடுமாம், லைன்மேன் ஏணி தூக்க வேண்டாமாம். பிரமாதம். அரசு அலுவலகங்களில் முதல் கட்டத்திலேயே மாட்ட வேண்டும் என்று அந்த மீட்டர் திட்டமே சொல்கிறது. நாங்களும் அதைத்தான் கேட்கிறோம். பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு துறையின் வாசலிலும், உள்ளறை ஏசியோடு சேர்த்து, ஒரு மீட்டரை மாட்டுங்கள். பழைய பாக்கியை அதில் ஏற்றுங்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ரீசார்ஜ் தீரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விசிறி வேண்டுமென்றால் ஒன்று வாங்கித் தருகிறோம், பிஎல்டிசி, மாதம் அறுபது ரூபாய் தவணையில்.